மாடியில் சோலார் இருந்தும் கரண்ட் போனால் ஃபேன் நிற்பது ஏன்? வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போதும்?

நல்ல வெயில். மொட்டை மாடியில் ஆறு சோலார் பேனல்கள். ஆனாலும், தெருவில் கரண்ட் போன அடுத்த நொடியே வீட்டில் ஃபேன் நின்றுவிடுகிறது. "இவ்ளோ செலவு பண்ணி வெச்சும் கரண்ட் கட்டா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். சோலார் வைத்துக் கொடுத்தவருக்கு போன் போட்டால், "இது ஆன்-கிரிட் சார், அப்படித்தான் நிக்கும்" என்று பதில் வருகிறது.

அவர் சொல்வது உண்மைதான். ஆனால், பணம் கட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய உண்மை. வீட்டு சோலார் விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது 'பில் ஜீரோ' என்ற ஒரே வரிதான். கரண்ட் போனால் என்ன ஆகும், நம் வீட்டுப் பில்லுக்கு எத்தனை கிலோவாட் போதும் என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்த வரியில் பதில் இல்லை. சோலார் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால், இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

பேனலுக்குள் என்ன நடக்கிறது?

பேனல் என்பது சிலிக்கான் செல்களின் வரிசை. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்றில் பாஸ்பரஸ் கலந்திருப்பதால் எலெக்ட்ரான்கள் கொஞ்சம் கூடுதல். இன்னொன்றில் போரான் கலந்திருப்பதால் கொஞ்சம் குறைவு. சூரிய ஒளி பட்டதும் எலெக்ட்ரான்கள் தங்கள் இடத்திலிருந்து விடுபடுகின்றன. இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் எல்லை, அவற்றை ஒரே திசையில் தள்ளிவிடுகிறது. அந்த ஓட்டம்தான் மின்சாரம். இதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, எரிபொருளும் இல்லை.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் முதன்முதலாகக் காட்டிய சிலிக்கான் செல், தன் மீது விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மட்டுமே மின்சாரமாக மாற்றியது. இன்று கடையில் கிடைக்கும் பேனல்கள் 20 சதவீதத்துக்கும் மேல் மாற்றுகின்றன.

ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகம்தான். அதனால் பல செல்களைத் தொடராக இணைத்து ஒரு பேனல் ஆக்குகிறார்கள். 540 வாட் பேனல் ஒன்று சுமார் ஏழரை அடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் இருக்கும். இப்படி ஆறு வைத்தால் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத இடம் தேவை.

வெயில் கூடினால் கரண்டும் கூடுமா?

பலரும் தவறாக நினைக்கும் விஷயம் இது. பேனலுக்குத் தேவை வெளிச்சம், வெப்பம் அல்ல. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. கத்திரி வெயிலில் மாடிப் பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். 25 டிகிரிக்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். 65 டிகிரியில் ஏறக்குறைய 14 சதவீதம் போய்விடும். பேனலைத் தரையோடு ஒட்டிப் படுக்கவைக்காமல், அடியில் காற்று போகும்படி உயர்த்தி வைப்பது இதற்காகத்தான்.

தூசி, மேகம், வயரில் ஆகும் இழப்பு எல்லாம் போக, தமிழ்நாட்டில் 1 கிலோவாட் சோலார் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இது ஆண்டு சராசரி. பிப்ரவரி, மார்ச்சில் இதைவிட அதிகம் வரும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் பாதிகூட வராமல் போகலாம்.

இது எந்த இன்வெர்ட்டர்?

பேனலிலிருந்து வருவது டிசி மின்சாரம். வீட்டு ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓடுவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்சாரத்தில். மாற்றித் தருவது சோலார் இன்வெர்ட்டர்.

இந்தச் சொல்லால்தான் குழப்பமே வருகிறது. 2012 காலத்து மின்வெட்டைப் பார்த்த நம் வீடுகளில் 'இன்வெர்ட்டர்' என்றால், பேட்டரியோடு மூலையில் இருக்கும் பெட்டி. கரண்ட் போனால் ஃபேனை ஓட்டும் பெட்டி. சோலார் இன்வெர்ட்டரும் அதே வேலையைச் செய்யும் என்று நினைப்பது இயல்பு. ஆனால், சாதாரண ஆன்-கிரிட் சோலார் இன்வெர்ட்டரில் பேட்டரியே கிடையாது. அது மின்வாரிய லைனில் ஓடும் ஏசி அலையைப் பார்த்து, அதே தாளத்தில் தன் மின்சாரத்தைச் சேர்த்துவிடும். பாடகரின் சுருதிக்கு ஏற்ப வாசிக்கும் பக்கவாத்தியம் மாதிரி. சுருதி நின்றால் இதுவும் நின்றுவிடும்.

பகலில் மிஞ்சுவது எங்கே போகிறது?

வேலைக்குப் போகிறவர்களின் வீட்டில் சோலார் உச்சத்தில் இருக்கும் மதிய நேரத்தில் ஃப்ரிட்ஜும் வைஃபையும்தான் ஓடும். ஏசி ஓடுவது இரவில். அப்படியானால் பகலில் விளைந்த மின்சாரம்?

மிச்சம் மின்வாரிய லைனுக்குப் போய், பக்கத்து வீடுகளில் செலவாகிவிடும். அதற்குக் கணக்கு வைப்பது, பழைய மீட்டருக்குப் பதிலாகப் பொருத்தப்படும் நெட் மீட்டர். வெளியிலிருந்து வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யும். பில் போடும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மிஞ்சும் யூனிட்டுக்குத்தான் கட்டணம். அந்த முறை கூடுதலாக இருந்தால், மிச்சம் அடுத்த பில்லுக்கு வரவாகும். தமிழ்நாட்டில் 2019இல் இந்த முறை மாற்றப்பட்டு, 2021இல் வீட்டு இணைப்புகளுக்கு மீண்டும் வந்தது.

புதிதாக சோலார் வைத்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். "ஆப்-ல 12 யூனிட் காட்டுது, மீட்டர்ல 7தான் ஏறியிருக்கு. மீதி 5 எங்க போச்சு?" எங்கேயும் போகவில்லை. அந்த 5 யூனிட்டை வீடே பகலில் நேரடியாகப் பயன்படுத்திக்கொண்டது. அது மீட்டரைத் தொடவே இல்லை. மிஞ்சிய 7 வெளியே போனது. இரவில் 8 யூனிட் உள்ளே வந்தால், அன்றைய நிகரக் கணக்கு 1 யூனிட் மட்டுமே.

ஆக, ஆன்-கிரிட் சோலாரில் மின்சாரம் எங்கும் சேமிக்கப்படுவதில்லை, கணக்குதான் சேமிக்கப்படுகிறது.

கரண்ட் போனால் ஏன் நிற்க வேண்டும்?

இது பழுது அல்ல. உயிர் காக்கும் ஏற்பாடு.

கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன், டிரான்ஸ்ஃபார்மரில் சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் ஏறுகிறார். லைனில் கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையில் கம்பியைத் தொடுகிறார். அந்த நேரத்தில் ஒரு வீட்டு மாடியிலிருந்து சோலார் மின்சாரம் லைனுக்குள் வந்தால்? அது மட்டுமல்ல. தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து வீடுகளுக்குத் தருவது. எதிர்ப்பக்கத்திலிருந்து மின்சாரம் புகுந்தால், அதே டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். 2018இல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களில் நடந்ததுபோல, கம்பங்களும் கம்பிகளும் தெருவெல்லாம் சாய்ந்து கிடக்கும் நாட்களை நினைத்துப் பார்த்தால் ஆபத்தின் அளவு புரியும்.

அதனால், லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஓரிரு நொடிகளுக்குள் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது கட்டாய விதி. இதை ஏமாற்ற எந்த 'செட்டிங்' மாற்றமும் செய்யக் கூடாது. செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்கவும் கூடாது.

"சரி, தெருவுக்கு விட வேணாம், என் வீட்டுக்கு மட்டும் ஓடட்டுமே?" நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு மேகம் கடந்து போனால் பேனலின் உற்பத்தி நொடியில் சரியும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும்போது தேவை நொடியில் எகிறும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க முதுகுக்குப் பின்னால் ஒன்று வேண்டும். ஒன்று மின்வாரிய லைன், இல்லையென்றால் பேட்டரி.

அப்படியானால் பேட்டரி வாங்க வேண்டுமா?

வீட்டு சோலாரில் மூன்று வகை உண்டு. ஆன்-கிரிட்: பேட்டரி இல்லை, விலை குறைவு, கரண்ட் போனால் நிற்கும். ஆஃப்-கிரிட்: முழுக்க பேட்டரி, மின்வாரியத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லை, லைன் போகாத தோட்டத்து வீடுகளுக்கு ஏற்றது. ஹைபிரிட்: இரண்டும் சேர்ந்தது. கரண்ட் போனால் தெரு லைனிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த சில பாயின்டுகளை மட்டும் பேட்டரியில் ஓட்டும்.

ஹைபிரிட் என்றதும் "எல்லாமே ஓடும்" என்று நினைத்துவிடக் கூடாது. வீடுகளில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம்; அதாவது, 0.9 யூனிட். 75 வாட் ஃபேன் மூன்றும் சில எல்இடி விளக்குகளும் ஓடினால் சுமார் மூன்று மணி நேரம். அதே ஃபேன்களை 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஆறு மணி நேரம். ஒன்றரை டன் ஏசியைப் போட்டால் அரை மணி நேரம்.

தினமும் அரை மணி, ஒரு மணி நேரம் மட்டும் கரண்ட் போகும் நகரத்து வீட்டுக்கு எளிய வழி: ஆன்-கிரிட் சோலார் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் பழைய பேட்டரி இன்வெர்ட்டரை அப்படியே விட்டுவிடுவது. பில்லைக் குறைப்பது சோலார். மின்வெட்டில் ஃபேன் ஓட்டுவது பேட்டரி. புயல் வந்தால் நாள்கணக்கில் இருட்டில் இருக்கும் கடலோர ஊர்களுக்கு ஹைபிரிட்டின் கூடுதல் செலவு நியாயமாக இருக்கலாம்.

எத்தனை கிலோவாட் போதும்?

பலர் அவசரப்படும் இடம் இதுதான். "மானியம் 3 கிலோவாட் வரைக்கும் இருக்கு, அதனால 3 போட்டுடுங்க" என்பது வழக்கமான ஆலோசனை. தமிழ்நாட்டு ஸ்லாப் முறையில் இது எல்லோருக்கும் பொருந்தாது.

இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் அமலான கட்டணப்படி கணக்குப் போட்டால் (அதன்பின் கட்டணம் சற்று உயர்ந்துள்ளது, கணக்கின் வடிவம் மாறவில்லை) பில் 3,650 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப்போக 4.50, 6, 8, 9 ரூபாய் என்று ஏறும். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 2.25 ரூபாய்தான், 500ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும்.

1 கிலோவாட் சோலார் இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தரும். அதைக் கழித்துப் பார்த்தால்:

- சோலார் இல்லாமல்: 700 யூனிட், பில் ரூ.3,650
- 1 கிலோவாட்: நிகரம் 460 யூனிட், பில் ரூ.1,485. மிச்சம் ரூ.2,165
- 2 கிலோவாட்: நிகரம் 220 யூனிட், பில் ரூ.315. கூடுதல் மிச்சம் ரூ.1,170
- 3 கிலோவாட்: பில் பூஜ்யம். கூடுதல் மிச்சம் ரூ.315 மட்டும்

முதல் கிலோவாட் வெட்டுவது மேல் ஸ்லாபில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகளை. மூன்றாவது கிலோவாட் வெட்டுவது, அரசு ஏற்கெனவே மலிவாகவும் இலவசமாகவும் தரும் யூனிட்டுகளை.

எளிமைக்காக, கிலோவாட்டுக்கு 65,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக, முதல் கிலோவாட்டுக்குப் போட்ட பணம் மூன்று ஆண்டுக்குள் திரும்பிவிடும். இரண்டாவதற்கு ஐந்து ஆண்டு. மூன்றாவதற்கு ஏறக்குறைய 25 ஆண்டு. அதாவது, பேனலின் ஆயுள் முழுக்க. (சிறிய அமைப்புகளுக்குக் கிலோவாட் விலை சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.) 'பில் ஜீரோ' என்ற இலக்கைத் துரத்துவதில் இருக்கும் செலவு இதுதான்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு இதே கணக்கில் பில்லே 225 ரூபாய்தான். அவர்களுக்கு 1 கிலோவாட் சோலார்கூட லாபம் தர 25 ஆண்டுக்கு மேல் ஆகும். 1,000 யூனிட் ஓட்டும் வீட்டுக்கோ மூன்றாவது கிலோவாட்டும் நல்ல முதலீடு. அடுத்த ஆண்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறோம், இன்னொரு ஏசி வரப் போகிறது என்றால் அதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். உள்நாட்டில் தயாரான செல்லும் பேனலும் பயன்படுத்தினால்தான் மானியம் கிடைக்கும். விலை குறைவான வெளிநாட்டுப் பேனலை வைத்துவிட்டுப் பிறகு மானியம் கேட்க முடியாது.

திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அங்கே பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேலை முடிந்து நெட் மீட்டர் பொருத்திய பிறகு மானியம் நுகர்வோரின் வங்கிக் கணக்குக்கே வரும். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை, ஏற்றுக்கொண்டதாகவே கருத வேண்டும் என்று 2024இல் மத்திய விதி திருத்தப்பட்டது.

அபார்ட்மென்ட்வாசிகளுக்கு?

மாடி எல்லோருக்கும் பொது என்பதால், தனி வீட்டுக்காரர் மாதிரி நினைத்தவுடன் பேனல் வைக்க முடியாது. ஆனால் லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் பொதுப் பில்லைக் குறிவைக்கலாம். தமிழ்நாட்டில் பொதுப் பயன்பாட்டுக்கு 2022இலிருந்து தனிக் கட்டணப் பிரிவு உண்டு. இலவச யூனிட் கிடையாது. சலுகை இல்லாத யூனிட் என்பதால் சோலார் வெட்டும் ஒவ்வொன்றும் லாபமே. சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் பேச ஏற்ற விஷயம்.

வைத்த பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒன்றின் மீது விழும் நிழல் மற்றவற்றையும் பாதிக்கும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, டிஷ் ஆன்டெனா ஆகியவற்றின் நிழல் காலை 9 முதல் மாலை 4 வரை எங்கே போகிறது என்று வைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் பேனல் தெற்கு பார்த்து, லேசான சாய்வில் இருப்பது நல்லது.

தூசியும் காக்கை எச்சமும் உற்பத்தியைக் குறைக்கும். வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ வெயில் ஏறும் முன், அதிகாலையில் கழுவலாம். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விழும் அபாயம் உண்டு. உப்புப் படியும் போர் தண்ணீரைவிட மழைநீரோ நல்ல தண்ணீரோ மேல்.

ஆறு பேனல்கள் தொடராக இணைந்தால் டிசி மின்னழுத்தம் 300 வோல்ட்டை நெருங்கும். வெளிச்சம் இருக்கும்வரை அதை 'ஆஃப்' செய்ய முடியாது. அதனால், கனெக்டர்களைக் கழற்றிப் பார்க்கும் வேலையை வீட்டு எலெக்ட்ரீஷியனிடம்கூடக் கொடுக்கக் கூடாது. சோலார் வேலை தெரிந்தவர் வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

- இது ஆன்-கிரிட்டா, ஹைபிரிட்டா? கரண்ட் போனால் எந்தெந்த பாயின்ட் ஓடும், எத்தனை மணி நேரம்?
- கடந்த ஓராண்டின் ஆறு பில்களையும் பார்த்துத்தான் கிலோவாட்டை முடிவு செய்தீர்களா?
- பேனல் மானியத்துக்குத் தகுதியான உள்நாட்டுத் தயாரிப்பா?
- பேனலுக்கு 25 ஆண்டு என்கிறீர்கள். இன்வெர்ட்டருக்கு வாரன்டி எத்தனை ஆண்டு?
- பேனல் தாங்கும் கம்பி அமைப்பு புயல் காற்றைத் தாங்குமா? எர்த்திங்கும் இடிதாங்கியும் விலையில் சேர்ந்ததா?
- நெட் மீட்டர் கட்டணமும், பில்லில் சேரக்கூடிய மற்ற கட்டணங்களும் எவ்வளவு?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தருபவரிடம் வேலையைக் கொடுக்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், பில் ஜீரோ ஆயிடும்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், இன்னொரு கொட்டேஷன் வாங்குவது நல்லது.